மருந்தடித்தவரின் கால் மரத்துப்போனால்

நீடாமங்கலம் பக்கம் கிராமச் செவிலியராக இருந்த காலத்தில், சம்பாவில் கோரைக்கு 2,4-டி என்னும் களைமருந்தை அடித்துவிட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "முதுகு நனைந்ததா?" என்றுதான். தெளிப்பான் மூடி தளர்ந்திருந்தால் மருந்து வழிந்து முதுகும் இடுப்பும் ஊறிவிடும். மூக்கில் துண்டு கட்டுபவர்கள்கூட இதைக் கண்டுகொள்வதில்லை. இந்த வகை மருந்து பெரும்பாலும் தோல் வழியாகத்தான் உடலுக்குள் போகிறது. 2,4-டி உடலில் பட்டபின் கைகால் மரத்துப்போனவர்களைப் பற்றி 1959இலேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் வந்தால் எளிதில் விடாது.

ஆகவே நனைந்தால், மிச்சமிருக்கும் வயலை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்க வேண்டாம். கைலியை உடனே கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் குளியுங்கள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள். மருந்தைக் கையால் கலக்குவது வேண்டவே வேண்டாம். குச்சியும் ரப்பர் கையுறையும் இருக்கின்றன.

அடுத்த சில வாரங்கள் காலைக் கவனியுங்கள். நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் தொல்லை இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கும்: எரிச்சல், எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, செருப்பு கழன்றதே தெரியாமல் நடப்பது. கண்ணை மூடச் சொல்லி, வீட்டில் ஒருவர் பெருவிரலின் பக்கவாட்டைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் அசைக்கட்டும். எந்தப் பக்கம் அசைகிறது என்று சொல்ல வரவில்லையென்றால் மருத்துவரிடம் போங்கள்.

போகும்போது மருந்து டின்னின் லேபிளைப் படமெடுத்துக் கொண்டு போங்கள். "களைமருந்து" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிமருந்தையும் அடித்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த இனத்து மருந்து கடுமையாகத் தாக்கினால், ஓரிரு வாரம் கழித்தும் நரம்பு கெடலாம். எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போடவும் வேண்டாம். நம் ஊரில் கால் மரப்புக்குச் சர்க்கரை நோயே பெரிய காரணம். வைட்டமின் பி12 குறைவும் சாராயமும் உண்டு. இரத்தச் சர்க்கரையையும் பி12 அளவையும் பார்த்தபின், தேவைப்பட்டால் நரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை மருத்துவர் எழுதித் தருவார்.

முடிவு வரும்வரை தெளிப்பானை வேறு யாராவது தூக்கட்டும். மரத்த காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவே கூடாது. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகும்.