தத்தெடுக்க பொகோட்டா போகும்போது: துணி மூட்டையைக் குறைத்த விதம்

கொலம்பியாவில் தத்தெடுப்பு வேலை முடிய வாரக்கணக்கில் ஆகும். எத்தனை செட் எடுத்தாலும் பற்றாது. அதனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இரவு துவைத்தால் காலைக்குள் காயுமா என்று மட்டும் பார்த்தோம். ஜீன்ஸ் அதிலேயே அடிபட்டது. ஈரத் துணியைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் பெரும்பாலும் இறங்கிவிடும். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டா 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் 19 டிகிரி, இரவில் 8, 9. தடித்த கோட்டு வேண்டாம். பனியன், மெல்லிய ஸ்வெட்டர், மேலே மழைக்கோட்டு போதும்.

பெரிய தலைவலி குழந்தையின் அளவுதான். தத்தெடுப்புக் கோப்பில் உள்ள குழந்தையின் எடை பழையதாக இருக்கலாம். காப்பகக் குழந்தைகள் பலர் வயதுக்குச் சிறியவர்கள். வயதுக்கேற்ற அளவில் இரண்டு செட், ஒரு அளவு சின்னதாக மூன்று. இடுப்பில் எலாஸ்டிக் இருக்கட்டும். ஷூ மட்டும் அங்கே போய், காலைப் பார்த்து வாங்குங்கள்.

கைப்பையில் குழந்தைக்கு இரண்டு மாற்று செட், தனித்தனி ஜிப் பையில். அழுக்கானது அதே பைக்குள் போய்விடும். பெற்றோருக்கும் ஆளுக்கொரு சட்டை. விமானத்தில் வாந்தி எடுப்பது குழந்தை, நனைவது நம் தோள்; இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். தத்தெடுப்புக்காக நீதிமன்றம் போகும் நாளுக்குக் கசங்காத உடை ஒன்று போதும்.