தீவில் தேனிலவு: மலையிலிருந்து கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரெல்லாம் தேனிலவுக்கு ஊட்டிக்கு வருகிறது. ஊட்டிக்காரர்கள் எங்கே போவது? கோத்தகிரியில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: கூட்டமே இல்லாத ஒரு தீவு. மே மாதம் முழுக்க பர்லியாறில் இருந்தே வரிசை கட்டி நிற்கும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். நானும் என் கணவரும் அப்படி ஆசைப்பட்டு அந்தமானுக்கு இரண்டு முறை போனோம். முதல் முறை தவறாகப் போனது, இரண்டாம் முறை நன்றாக அமைந்தது. அதிலிருந்து, கல்யாணம் நிச்சயமான வீடுகளில் எங்களைக் கூப்பிட்டு விவரம் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முகூர்த்தத்தை வைத்துத் தீவைத் தேடுவது

எங்கள் கல்யாணம் வைகாசியின் கடைசி முகூர்த்தத்தில் நடந்தது. மறுவீடு, விருந்து எல்லாம் முடிய பத்து நாளாயிற்று. ஆடி பிறந்தால் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அதற்குள் போய் வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் ஜூன் மூன்றாம் வாரம் கிளம்பினோம். ஹேவ்லாக் தீவில் நான்கு இரவுக்குப் பணம் கட்டியிருந்தோம். அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் இறங்கிய அன்று பிடித்த மழை விடவில்லை. கடல் கொந்தளிப்பு என்று இரண்டு நாள் படகை நிறுத்திவிட்டார்கள். ஒரு லாட்ஜ் அறையில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மழையைப் பார்க்க அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம், கொடநாட்டிலேயே பார்த்திருக்கலாம். பேக்கேஜ் போட்டுக் கொடுத்தவர் பருவமழை பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மூன்றாம் வார வாக்கில் அந்தமானைத் தொட்டுவிடும். அதிலிருந்து செப்டம்பர் வரை மழையும் அலையும்தான். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் உருவாகும் காலம். லட்சத்தீவுக்கும் மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை கடல் ஒத்துவராது. ஆக, வைகாசி, ஆனி, ஆவணி, ஐப்பசி என்று நம் முகூர்த்த மாதங்களில் பல தீவுக்கு ஆகாத மாதங்கள்.

கல்யாணம் ஆன வாரத்திலேயே தேனிலவு போக வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. ஆவணியில் கல்யாணம் என்றால் தையோ மாசியோ வரட்டும், போகலாம். நம் மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அது இன்னொரு விதத்திலும் தோது. ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியும் வறட்சியும் சேர்ந்து பச்சைத் தேயிலை வரத்து குறைந்துவிடும். தோட்டத்தை ஒரு வாரம் விட்டுப் போக அதைவிட நல்ல நேரம் இல்லை. அந்தமானில் அப்போதுதான் கடல் தெளிந்து கிடக்கும். தையில் கல்யாணம் என்றால் கவலையே இல்லை, விருந்து முடிந்ததும் கிளம்பலாம். பங்குனிக் கல்யாணம் என்றாலும் ஏப்ரல் முதல் பாதிக்குள் போய்விடுங்கள். வெயில் கொஞ்சம் ஏறியிருக்கும், ஆனால் ஆட்கள் குறைந்திருப்பார்கள்.

எல்லோரும் போகும் வரிசையிலேயே போவது

கூட்டத்தைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும்? 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் கோடை மாதங்களில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தது. ஆனால் அதே மே மாதத்தில், காலை எட்டு மணிக்கு முன்னால் ஊட்டி ஏரிக்கரையில் நடந்து பாருங்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இன்னும் போர்வைக்குள் இருப்பார்கள். பத்தரை மணிக்கு அதே இடத்தில் கால் வைக்க முடியாது. ஏனென்றால் எல்லா டிரைவர்களும் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று ஒரே சுற்றில்தான் கூட்டிப் போகிறார்கள்.

அந்தமானிலும் இதே கதைதான். ஐந்து இரவு, ஆறு நாள் பேக்கேஜ் எதை எடுத்தாலும் செல்லுலார் சிறை, ராஸ் தீவு, ஹேவ்லாக், நீல் என்று ஒரே வரிசையில் இருக்கும். காலைப் படகில் ஹேவ்லாக் போய் இறங்கியவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து, மாலை நாலு மணிக்கு ராதாநகர் கடற்கரைக்கு வருவார்கள். சூரியன் மறைந்ததும் ஒன்றாகத் திரும்புவார்கள். அங்கே கூட்டம் என்று குறைசொல்கிறவர்கள் அனேகமாக அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் பார்த்திருப்பார்கள். இரண்டாம் முறை நாங்கள் காலை ஆறரைக்குப் போனோம். வெள்ளை மணல், பின்னால் வானுயர மரங்கள், தண்ணீரின் ஓரம் ஒரே ஒரு நாய். அரை மணி நேரம் கழித்துத்தான் இன்னொரு ஜோடி வந்தது.

அதனால் தீவுகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ஒரே தீவில் நான்கு இரவு தங்குங்கள். ஹேவ்லாக் வேண்டாம் என்றால் நீல் தீவு இருக்கிறது. சின்னது, வயலும் காய்கறித் தோட்டமுமாகக் கிராமம் மாதிரி இருக்கும், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பகலில் வந்து போகிற கூட்டம் படகேறிய பிறகு ஊர் அடங்கிவிடும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு முடியும் வரை, பொங்கல் விடுமுறை, குடியரசு தினத்தை ஒட்டிய நாட்கள் இவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். பிப்ரவரியில் வார நாட்களாகப் பார்த்துப் போனால் அறையும் அந்த நாட்களைவிட மலிவாகக் கிடைக்கும்.

கூட்டமே ஆகாது என்று சிலர் ஒரேயடியாக லாங் தீவு, லிட்டில் அந்தமான், வடக்குக் கோடியில் டிக்லிபூர் என்று போகிறார்கள். டிக்லிபூர் பக்கத்தில் ராஸ் (மேலே சொன்ன ராஸ் தீவு வேறு), ஸ்மித் என்ற இரண்டு தீவுகளை ஒரு மணல்திட்டு சேர்க்கிறது. நீர் இறங்கும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம், அவ்வளவு அழகு. ஆனால் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும். அங்கிருந்து பெரிய மருத்துவமனை வெகு தூரம். பத்து நாள் கையில் இருப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும். சாலை வழியாக வடக்கே போகிறவர்கள் ஜாரவா பழங்குடியினரின் காட்டைக் கடக்க வேண்டியிருக்கும். அங்கே குறித்த நேரத்தில் வண்டிகளை மொத்தமாகத்தான் விடுவார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து கேமராவை நீட்டுகிறவர்களைப் பார்த்து நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது? அதை அங்கேயும் நினைவில் வையுங்கள்.

கடலை ஏரி மாதிரி நினைப்பது

மலையில் வளர்ந்த நமக்கு ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது, என்பதே பழக்கமில்லை. ஹேவ்லாக்கின் கிழக்குப் பக்கம், விஜயநகர் கடற்கரையை ஒட்டி நிறைய விடுதிகள் உண்டு. படத்தில் நீலத் தண்ணீர் வாசல்வரை இருக்கும். நீங்கள் போகும் நேரம் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறையும் பவளத் துண்டுமாகக் கிடக்கலாம். ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், சில மணி நேரத்தில் ஏறிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் இன்னும் அதிகம். நீல் தீவின் இயற்கைப் பாலத்தை நீர் இறங்கிய நேரத்தில்தான் நடந்து போய்ப் பார்க்க முடியும். விடுதியில் அன்றைய ஓத நேரத்தைக் கேட்டு நாளை அமைத்துக்கொள்ளுங்கள்.

தேதி குறிக்கும்போது வீட்டில் தொங்கும் நாட்காட்டியையும் ஒரு தடவை பாருங்கள். கடற்கரையில் நிலவு வெளிச்சம் வேண்டுமென்றால் பௌர்ணமியை ஒட்டிப் போகலாம். என்னைக் கேட்டால் அமாவாசையைத்தான் சொல்வேன். நிலவில்லாத இரவில் ஹேவ்லாக்கில் துடுப்புப் படகில் கூட்டிப் போவார்கள். தண்ணீரில் கையை அளைந்தால் நுண்ணுயிர்கள் நீலமாக மினுங்கும். என் கணவர் அன்று இரவு முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

இருட்டு சீக்கிரம் வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தமான் கிழக்கே வெகு தொலைவில் இருந்தாலும் கடிகாரம் நம்முடையதுதான். குளிர்காலத்தில் மாலை ஐந்து, ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஒன்பது மணிக்கு எழுந்து நிதானமாகக் கிளம்பினால் பாதி நாள் போய்விடும்.

அப்புறம் உடம்பு. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவையும் அசராமல் கடக்கிறவர்களுக்குக்கூடப் படகில் தலைசுற்றும். டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகேறுவதற்கு அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, மணல் ஈக்கடிக்கு ஒரு களிம்பு. நீச்சல் தெரியாதவர்கள் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம். சில இடங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை வைத்திருப்பார்கள், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. பவளத் துண்டு, சங்கு என்று ஞாபகத்துக்கு எதையும் பொறுக்கி வராதீர்கள். பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, விமான நிலையத்தில் பிடிபட்டால் வழக்கு.

பெயரும் டிக்கெட்டும்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். கல்யாணம் ஆன சந்தோஷத்தில் மனைவியின் பெயரோடு கணவன் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல் இருக்கும். விமான நிலைய வாசலில் இரண்டும் ஒத்துப்போகாமல் நிற்க வேண்டி வரும். அடையாள அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், பெயர் மாற்றம் எல்லாம் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். ஊர்ப் பெயர்களும் குழப்பும். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். எல்லாம் ஒன்றுதான், வேறு ஊருக்குப் பதிவு செய்துவிட்டோமோ என்று பதற வேண்டாம்.

லட்சத்தீவு நமக்குக் கொச்சி வழியாகப் பக்கம். ஆனால் இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி வேண்டும், காவல் நிலையச் சான்று உட்பட ஆவணம் கேட்பார்கள். ஒரு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். அங்கே மக்கள் வாழும் தீவுகள் பத்து. பங்காரம் போன்ற ஆளில்லாத தீவில் தங்கினால் நீங்கள் கேட்ட தனிமை நிஜமாகவே கிடைக்கும். மாலத்தீவு போகிறவர்கள் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: கடல் விமானம் பகலில்தான் பறக்கும். மாலையில் போய் இறங்கினால் முதல் இரவு தலைநகரத்தில்தான். கடல் விமானத்தின் கட்டணம் அறை வாடகையில் சேருமா என்றும் கேளுங்கள்.

மலைப்பாதையை மறந்துவிடுவது

சென்னையில் காலை விமானம் என்றால், நீலகிரி எக்ஸ்பிரஸில் போய் சென்ட்ரலில் இறங்கி ஓடிப் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை நாட்களில் குன்னூர் சாலையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றித்தான் மேட்டுப்பாளையம் இறங்க வேண்டும். முந்தின நாளே சென்னை போய்த் தங்குங்கள். கல்யாண அலுப்பும் தீரும்.

திரும்பி வரும்போது இன்னொன்று உண்டு, இதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. ஸ்கூபா டைவிங் செய்தால் கடலடி அழுத்தத்தில் நைட்ரஜன் உடம்பில் கரைந்திருக்கும். அழுத்தம் குறைந்த இடத்துக்குச் சீக்கிரம் போனால் அது குமிழாக மாறி மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை கொண்டுவரும். ஒரு முறை இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரம், பல முறை இறங்கியவர்கள் 18 மணி நேரம் கழித்துத்தான் விமானம் ஏறலாம். மலையேறுவதும் அப்படித்தான். ஊட்டி 2,240 மீட்டர், விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தத்துக்குக் கிட்டத்தட்ட சமம். புதுச்சேரியில் மதியம் டைவிங் செய்துவிட்டு அன்று இரவே கார் எடுத்து ஊட்டிக்கு ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

எனவே டைவிங்கை முதல் இரண்டு நாளிலேயே முடித்துவிடுங்கள். கடைசி இரவை ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள். படகு நின்றுவிட்டாலும் விமானம் தப்பாது. தலைமுறைகளாக அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள். கடைத்தெருவில் தமிழிலேயே விலை கேட்கலாம், தமிழிலேயே வழி கேட்டு ஒரு மெஸ்ஸுக்குப் போய் மீன் குழம்பு சாப்பிடலாம்.