கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

கார்டுக்காக முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று மாசக்கணக்கில் சேர்த்து வைக்கிறோம், ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கப்போகிற எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தாங்குமா என்று பார்ப்பது பெரும்பாலும் கார்டு வீட்டுக்கு வந்த பிறகுதான். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றுங்கள். எந்தக் கார்டு என்று முடிவு செய்யும் முன்பே கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ்மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் உள்பக்கம் மறைந்திருந்தால் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே இழுத்தாவது பாருங்கள்.

பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருப்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கீழே சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும். கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும் கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட் லைனிலிருந்துதான் கரண்ட் எடுக்கின்றன. அதனால் அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் அந்தக் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருப்பது சாதாரணம். 16 பெருக்கல் 12, ஆக 192 வாட். வெளியே 450 என்று எழுதியிருந்தாலும் உங்கள் கார்டும் பிராசஸரும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டியது இந்த 192-ஐத்தான். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இதே கட்டத்தில் 36, 37 ஆம்பியர் இருக்கும். 12 வோல்ட் என்று இரண்டு கட்டங்கள் இருந்தால் இரண்டையும் கூட்டிவிடாதீர்கள், அதன் அடியிலேயே இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் எத்தனை வாட் என்று தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

சரி, தேவை எவ்வளவு? கார்டின் வாட், பிராசஸர் முழு வேகத்தில் எடுக்கும் வாட், அப்புறம் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 70 வாட். ஐ5 12400எஃப் பிராசஸர் வைத்திருப்பவர் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போடுகிறார் என்று வையுங்கள். பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று இருந்தாலும் டர்போவில், அதாவது முழு வேகத்தில், 117 வரை போகும், கார்டு 115 வாட். மொத்தம் 300 வாட்டைத் தொடும். அதற்கு நல்ல 450 வாட் போதும், 550 இருந்தால் நிம்மதி. இந்தக் கார்டின் கம்பெனியான என்விடியா தன் இணையப் பக்கத்தில் சொல்வதும் 550தான். ரைசன் 7 5700எக்ஸ்ஸோடு ஆர்டிஎக்ஸ் 5070 என்றால் கார்டு 250, பிராசஸர் 76, மற்றவை 70 என்று 400-ஐ நெருங்கும், இங்கே 650 வாங்குங்கள்.

400 வாட் தேவைக்கு 650 எதற்கு என்று தோன்றும். நியாயமான கேள்விதான். கார்டுக்குச் சொல்லப்படும் வாட் ஒரு சராசரி. விளையாட்டின் நடுவே காட்சி மாறும்போது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்துக்கு அது சராசரியைவிட ரொம்ப மேலே தாவிவிட்டு இறங்கும். 320 வாட் ஆர்டிஎக்ஸ் 3080 வந்த காலத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ்கள்கூட இந்தத் தாவலை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு தாமாகவே அணைந்ததை நிறையப் பேர் பார்த்தார்கள். அதன் பிறகு 2022-இல் எஸ்எம்பிஎஸ்களுக்காக வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி, கார்டுக்குக் கரண்ட் கொடுக்கும் புதிய 16 பின் கனெக்டரோடு வரும் எஸ்எம்பிஎஸ் தன் அளவைப்போல இரண்டு மடங்கை ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குத் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் பெட்டியில் ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பயந்துபோய் 1000 வாட் வாங்க வேண்டியதில்லை, 4060-க்கு அது வீண் செலவு. அந்தக் காசைக் கார்டில் போடுங்கள்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்பதெல்லாம் எவ்வளவு கரண்ட் வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான தர அடையாளம். உள்ளே பாதுகாப்புச் சர்க்யூட் ஒழுங்காக இருக்கிறதா, கெப்பாசிட்டர் நல்லதா என்பதை அது சொல்லாது. நான் அதைவிட வாரண்டியைத்தான் நம்புவேன். 5 வருடமாவது கொடுக்கிற மாடலை எடுங்கள், 7, 10 வருடம் கொடுப்பவையும் உண்டு. முழு வாட்டையும் எத்தனை டிகிரி வெப்பத்தில் தரும் என்பதும் சில மாடல்களின் விவரத்தில் இருக்கும், 40 அல்லது 50 டிகிரி. மே மாசம் ஏசி இல்லாத மாடி அறையில் விளையாடுகிறவருக்கு 50 டிகிரி மாடல்தான் சரி.

அடுத்து கனெக்டர், பொருளே எரிந்துபோகிற தப்புகள் நடப்பது இங்கேதான். மதர்போர்டு ஸ்லாட் கார்டுக்கு 75 வாட் வரை தரும், 6 பின் இன்னொரு 75, 8 பின் 150. உங்கள் கார்டில் இரண்டு 8 பின் இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனிக் கேபிள் இழுங்கள்; ஒரே கேபிளின் நுனியில் இரண்டு தலை தொங்குகிறதே என்று அதிலேயே இரண்டையும் செருகாதீர்கள், பெரிய கார்டுக்கு மொத்தச் சுமையும் ஒரே வயர்மேல் விழும். ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா பவர் கேபிளைக் கார்டுக்கான 8 பின்னாக மாற்றித்தருகிற, கடையில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாட்டா கன்வெர்ட்டர் பக்கம் போகவே வேண்டாம். சாட்டா பவர் கனெக்டர் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், அதிலிருந்து 150 வாட் இழுத்தால் பிளாஸ்டிக் உருகும். பிராசஸருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் உள்ளே பிளஸ்ஸும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். நாலு நாலாகப் பிரிந்தால் பிராசஸருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டக்கூடியது) வாங்கினால் பழைய கேபிள்களை முழுக்கக் கழற்றிவிட்டு, புதிய பெட்டியில் வந்ததையே போடுங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் வரிசைக்குப் பொது விதி எதுவும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறலாம். செருக முடிகிறதே என்று பழைய கேபிளை அப்படியே விட்டால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் ஹார்டு டிஸ்க் செத்துவிடும், அதிலிருந்த கல்யாணப் படங்களும் சேர்ந்து போகும். புதிய 16 பின் கனெக்டரைச் செருகும்போது இடைவெளி கொஞ்சமும் தெரியாத அளவு அழுத்துங்கள், தலையிலிருந்து மூன்றரை சென்டிமீட்டர் நேராக விட்டுப் பிறகுதான் வளையுங்கள். 2022-இல் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090-களில் கனெக்டர் உருகியபோது, முழுசாகச் செருகாததுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி கேமிங்குக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்றவற்றில் பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர் வழக்கமான 24 பின் இல்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் வடிவமும் வேறு. அங்கே எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற அலைவதைவிட, தனி பவர் கேபிள் கேட்காத 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி மாதிரி ஒரு கார்டோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். 8 ஜிபி மாடலுக்குத் தனி பவர் வேண்டும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

நம் ஊரில் யுபிஎஸ்ஸையும் கணக்கில் சேர்க்கவேண்டும், நிறையப் பேர் மறப்பது இதைத்தான். 600 விஏ என்று விற்கும் யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். மேலே சொன்ன 300 வாட் சிஸ்டம் 85 சதவீதத் திறனுள்ள (மீதி வெப்பமாக வீணாகும்) எஸ்எம்பிஎஸ் வழியாகச் சுவரிலிருந்து 353 வாட் இழுக்கும், மானிட்டருக்கு இன்னும் 30. அப்போ கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்திவிட்டு எல்லாவற்றையும் அணைத்துவிடும். 1000 விஏவுக்கு மாறுங்கள், இல்லையென்றால் கேமிங் நேரத்தில் யுபிஎஸ் கை கொடுக்கும் என்று எண்ணாதீர்கள். மலிவான யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தரும் கரண்ட், வீட்டுக் கரண்ட் போல முழுமையான சைன் அலையாக (சீராக ஏறி இறங்கும் அலையாக) இருக்காது, நல்ல எஸ்எம்பிஎஸ்களில் சில அதை ஏற்காமல் அணைந்துவிடும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நேரில் வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் யுபிஎஸ் மாடலைச் சொல்லியே கேளுங்கள், வாரண்டிக்கான ஜிஎஸ்டி பில்லையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

மாட்டி முடித்ததும் அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிடுங்கள். எச்சரிக்கை எதுவும் இல்லாமல் பட்டென்று மொத்தமும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் முதலில் சந்தேகப்படுங்கள். ஃபேன் சுற்றிக்கொண்டே திரை மட்டும் கறுத்தால் கேபிள் சரியாகச் செருகியிருக்கிறதா, டிரைவர் சரியா என்று பாருங்கள். எதுவானாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம், வாரண்டியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.