முதல் ஸ்கூபா கியர்: நெல்லையிலிருந்து வாங்கப் போகிறவர்களுக்குப் படிப்படியாக

தாமிரபரணியிலும் தோட்டத்துக் கிணற்றிலும் நீந்திப் பழகியவர்களுக்குத் தண்ணீர்ப் பயம் இருக்காது, கடலுக்குப் போகும்போது அது பெரிய பலம். ஆனால் ஸ்கூபாவுக்கு, அதாவது காற்று டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் மூச்சுவிட்டு நீந்துவதற்கு, கியர் வாங்குவதில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. டைவ் ஷாப் நமக்குத் தெருமுனைக் கடை இல்லை. கோவளம், புதுச்சேரி, சென்னை, இல்லையென்றால் அந்தமான் என்று பயணம் போய்த்தான் பார்க்க வேண்டும், வாங்கின சாமானில் ஏதாவது கோளாறு வந்தால் மறுபடி அங்கேயே போகணும் அல்லது கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்கணும். அதனால் விலை கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இதை யார் சர்வீஸ் பண்ணித் தருவார்கள் என்பதுதான்.

1. முதலில் கோர்ஸ், அப்புறம் கடை

'ஓப்பன் வாட்டர்' என்கிற ஆரம்பநிலை ஸ்கூபா கோர்ஸ் முடிக்காமல் மாஸ்க்கைத் தவிர எதையும் வாங்காதீர்கள். அந்தக் கோர்ஸ் முடித்தால் 18 மீட்டர் வரை இறங்கலாம், பெரும்பாலான இடங்களில் கோர்ஸ் கட்டணத்திலேயே கியர் வாடகையும் அடங்கிவிடும், சேரும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். "முழு செட் வாங்கினால்தான் கோர்ஸ் நல்லா வரும்" என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். அவர்கள் தரும் கியரையே போட்டுப் பழகுங்கள், எந்த சைஸ் ஜாக்கெட் (காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலுடை) பொருந்தியது, எந்த ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) காலைக் கடித்தது என்பதை அன்றன்று போனில் குறித்து, லேபிளையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் கடையில் போய் நிற்கும்போது அந்தக் குறிப்பு ரொம்ப உதவும்.

சேருவதற்கு முன்னால் ஒரு மருத்துவப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, காது, சைனஸ் பிரச்சினை எதுவாக இருந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

2. மாஸ்க்: இதில் மட்டும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்

சொந்தமாக வாங்க வேண்டிய முதல் பொருள் இது. நீச்சல் கண்ணாடி உதவாது. மூக்கையும் சேர்த்து மூடினால்தான் ஆழம் போகப் போக மூக்கால் கொஞ்சம் காற்று விட்டு உள்ளே அழுத்தத்தைச் சமன் பண்ண முடியும், இல்லையென்றால் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

கடையில் சோதிப்பது இப்படி. பின்பட்டையை மாட்ட வேண்டாம், முன்பக்கம் மடித்து விடுங்கள். நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு மாஸ்க்கை முகத்தில் மெதுவாக வையுங்கள், அழுத்தாதீர்கள். மூக்கால் லேசாக மூச்சை இழுத்து அப்படியே நிறுத்திக் கையை எடுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். நின்றால் அதோடு விட்டுவிடாமல் ஸ்நார்க்கலையோ மவுத்பீஸையோ வாயில் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை பாருங்கள், ஏனென்றால் வாய் திறந்ததும் கன்னமும் மேலுதடும் இழுபட்டு முகத்தின் வடிவமே மாறும். முதல் தடவை ஒட்டிய மாஸ்க் இப்போது ஒரு ஓரத்தில் காற்று விடலாம். சிரித்தும் பாருங்கள். கடைக்காரர் பொறுமையிழந்தாலும் பரவாயில்லை, அங்கே இருக்கிற எல்லா மாடலையும் போட்டுப் பாருங்கள். விலை கூடின மாஸ்க்தான் பொருந்தும் என்று ஒரு விதியும் கிடையாது.

நம்ம ஊர் மீசைக்காரர்களுக்கு ஒரு விஷயம்: மூக்குக்குக் கீழே சிலிக்கான் ஓரம் உட்காரும் இடத்தில் முடி இருந்தால் அந்த வழியாகத் தண்ணீர் வரும். மீசையை எடுக்க வேண்டாம், மேல் ஓரத்தை ஒரு கோடு அளவுக்கு ஒதுக்கினால் போதும்.

கண்ணாடி போடுகிறவர்கள் பவர் லென்ஸ் மாற்றக்கூடிய இரட்டைக் கண்ணாடி மாடலைக் கேளுங்கள். எந்த மாடலாக இருந்தாலும் 'டெம்பர்டு' (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடியாக இருக்க வேண்டும். புது மாஸ்க்கின் உட்புறம் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும், அதைப் போக்காவிட்டால் தண்ணீருக்குள் பனிமூட்டம்தான். சாதாரண வெள்ளை டூத்பேஸ்டை விரலால் தேய்த்துக் கழுவுங்கள், ஒரு தடவையில் போகாது, மூன்று நான்கு தடவை செய்யுங்கள். கோட்டிங் போட்ட கண்ணாடி என்றால் கூட வந்த தாளைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

3. ஃபின், சூட், கம்ப்யூட்டர்

ஃபினில் இரண்டு வகை: செருப்பு மாதிரி அப்படியே காலை நுழைப்பது, பூட்ஸ் போட்டுப் பின்பக்கம் பட்டை மாட்டுவது. படகிலிருந்து மட்டும் குதிப்பதாக இருந்தால் முதல் வகை போதும். பாறைக் கரையில் நடந்து இறங்கப் போகிறீர்கள் என்றால் பூட்ஸ் வகைதான் காலைக் காப்பாற்றும். பூட்ஸையும் சேர்த்து வாங்கி, இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள்.

நம் கடலுக்கு 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். கழுத்தை நெரிக்காமல், இடுப்பில் தொளதொளவென்று இல்லாமல் இருந்தால் சரி.

அடுத்த பணத்தை டைவ் கம்ப்யூட்டரில் போடுங்கள். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள், உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் சேர்ந்திருக்கும் என்று கணக்கு வைப்பது அதுதான், கூட வருகிறவரின் கம்ப்யூட்டரைப் பார்த்து நீங்கள் டைவ் பண்ண முடியாது. ஞாயிறு காலையில் டைவ் முடித்து அப்படியே குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்புகிற திட்டம் வேண்டாம். அது 2,000 மீட்டருக்கு மேல், அங்கே காற்றழுத்தம் குறைவதால் உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தாகலாம். பல டைவ் பண்ணியிருந்தால் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்கச் சொல்கிறார்கள், மலை ஏறுவதற்கும் அதே காரணம்தான்.

4. ரெகுலேட்டரும் ஜாக்கெட்டும்: இங்கேதான் கடையோடு பேச வேண்டும்

டேங்கில் இருக்கும் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் வாய்க்குக் கொண்டுவருவது ரெகுலேட்டர். அதுவும் ஜாக்கெட்டும் விலை கூடினவை. ரெகுலேட்டரை வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்துப் பார்க்கச் சொல்கிற கம்பெனிகள் உண்டு, இரண்டு வருடம் வரை விடுகிற கம்பெனிகளும் உண்டு. கிளம்புவதற்கு முன்னால் போனிலேயே கேளுங்கள்: "அண்ணே, இந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் உங்ககிட்ட ஸ்டாக் இருக்கா? பிரிச்சு மாட்டுறது யாரு? அவங்களுக்குக் கம்பெனி ட்ரெயினிங் உண்டா? கூரியர்ல அனுப்பினா எத்தனை நாள்ல திரும்பி வரும்?" நேராகப் பதில் சொல்கிறவரிடம் கொஞ்சம் கூட விலை கொடுத்தாலும் நஷ்டமில்லை. "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்பவரிடம் மாஸ்க் மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள். பில் கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் வாரண்டி கிடையாது.

துபாயில் மச்சான், சிங்கப்பூரில் சித்தப்பா என்று நம்மில் பலருக்கு ஆள் இருக்கிறார்கள், அங்கிருந்து வரவழைக்கிற ஆசை நியாயமானதுதான். ஆனால் அந்த பிராண்டுக்கு இந்தியாவில் சர்வீஸ் இருக்கிறதா, அங்கே வாங்கின வாரண்டி இங்கே செல்லுமா என்று கம்பெனியிடமே எழுதிக் கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். டேங்கில் மாட்டும் முனை 'யோக்', 'டின்' என்று இரண்டு வகை. நீங்கள் வழக்கமாக டைவ் பண்ணும் இடத்து டேங்குக்கு எது பொருந்தும் என்பதையும் முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் விற்பனைக்கு வைத்த பளபளப்பைப் பார்க்காமல் வாடகைக்குக் கொடுக்கும் கியரைப் பாருங்கள். மவுத்பீஸ் கடிபட்டுக் கிழிந்திருக்கிறதா, ஓஸ் முனையில் வெடிப்பு இருக்கிறதா, கழுவுகிற தொட்டித் தண்ணீர் எப்படி இருக்கிறது? காற்று நிரப்பும் கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் குழாய் ஜெனரேட்டர் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கடையே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாது.

5. பழைய கியர்

ஜாக்கெட்டை வாயால் ஊதி முழுக்க நிரப்பி ராத்திரி முழுக்க வைக்கச் சொல்லுங்கள், காலையிலும் கெட்டியாக இருக்க வேண்டும். ரெகுலேட்டரில், டேங்கோடு சேரும் முனைக்குள் ஒரு சின்ன உலோக வடிகட்டி தெரியும், டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, செந்துரு நிறம் என்றால் துருப்பிடித்த டேங்கில் ஓடியிருக்கிறது. அப்புறம் அந்த முனையை அதன் மூடியால் மூடிவிட்டு மவுத்பீஸில் காற்றை உறிஞ்சிப் பாருங்கள், காற்று வரக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் முழு சர்வீஸ் செலவையும் விலையோடு கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும்.

6. டேங்க் வாங்காதீர்கள்

நம்ம ஊரில் எல்லாரும் 'ஆக்ஸிஜன் சிலிண்டர்' என்கிறார்கள், அதனாலேயே இதைச் சொல்கிறேன்: அதில் இருப்பது சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைத்த சாதாரணக் காற்று. வெல்டிங் கடை ஆக்ஸிஜனையோ ஆஸ்பத்திரி ஆக்ஸிஜனையோ நிரப்பி இறங்கினால், 6 மீட்டர் தாண்டியதும் சுத்த ஆக்ஸிஜனே வலிப்பைக் கொண்டுவரலாம், தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் பிழைப்பது கஷ்டம். டயர்க் கடை கம்ப்ரஸர் இதற்குக் கிட்டவே வராது. மூச்சுக்கு ஏற்ற காற்றை வடிகட்டி நிரப்பும் கம்ப்ரஸர் டைவ் ஷாப்பில்தான் இருக்கும், டேங்கையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

தூத்துக்குடிப் பக்கம் கம்ப்ரஸர் ஓஸைக் கடித்துக்கொண்டு சங்கு எடுக்க இறங்குகிறவர்கள் உண்டு. அது அவர்கள் பிழைப்பு, அதில் அவர்கள் படும் ஆபத்தும் பெரிது. "தம்பி, சும்மா ஒரு தடவை இறங்கிப் பாரு" என்று யாராவது அன்பாகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றி வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கவும் கூடாது.

7. வீட்டுக்கு வந்ததும்

ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் பல வீட்டு போர்த் தண்ணீரே உப்பு, அதில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை பூத்து நிற்கும். குடிக்கப் பிடித்து வைத்த தண்ணீரில் ஒரு வாளி ஒதுக்குங்கள். ரெகுலேட்டரின் மூடியை இறுக்கிவிட்டுத்தான் முக்க வேண்டும், தண்ணீருக்குள் இருக்கும்போது மவுத்பீஸ் பக்கம் முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தக்கூடாது, அழுத்தினால் தண்ணீர் ஓஸ் வழியாக உள்ளே ஏறிவிடும். ஜாக்கெட்டுக்குள்ளும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து வடிய விடுங்கள். காயப்போடுவது நிழலில், மொட்டை மாடி வெயிலில் இல்லை, பூட்டின காருக்குள்ளும் இல்லை. மாஸ்க்கை அது வந்த பெட்டியிலேயே வையுங்கள், மேலே எதையும் அடுக்காதீர்கள், சிலிக்கான் ஓரம் ஒரு தடவை நசுங்கி வளைந்துவிட்டால் அப்புறம் முகத்தில் ஒட்டாது.