அத்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி உங்க இடுப்பைப் பாருங்க

காவேரிப்பட்டணத்துல எங்க வீட்டு நடு ரூம்ல என் மாமியார் படுத்திருக்காங்க. பக்கவாதம். இடது பக்கம் கையும் காலும் வராது. வீட்டுக்காரருக்கு ஓசூர் கம்பெனியில ஷிப்ட் வேலை, அதனால பகல் பூரா நான்தான். வர்றவங்க எல்லாரும் "உன் உடம்பையும் பாத்துக்கம்மா"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. எப்படிப் பாத்துக்கறதுன்னு யாரும் சொல்றதில்லை. நான் பண்றதைச் சொல்றேன்.

இடுப்புதான் முதல்ல பிடிச்சுக்கும். கயிற்றுக் கட்டில் வேண்டவே வேண்டாம், நடுவுல குழி விழுந்து ஆளைப் புரட்டவே ரெண்டு பேர் பலம் கேக்கும். பலகைக் கட்டில் போடுங்க. அவங்க ஓரத்துல உக்காந்தா பாதம் தரையில பதியணும், அதுதான் உயரக் கணக்கு. துடைச்சு விடும்போது உங்க ஒரு முழங்காலைக் கட்டில் மேல ஊன்றிக்குங்க, முதுகு வளையாது.

நாற்காலிக்கு மாத்தறதை எனக்கு பிசியோதெரபிஸ்ட் பொண்ணு செஞ்சு காட்டினா. நாற்காலியை நல்லா இருக்கற பக்கம், அதாவது அத்தைக்கு வலது பக்கம், கட்டிலை ஒட்டிப் போடணும். வராத கையைப் பிடிச்சு இழுத்தா தோள்மூட்டு இறங்கிடும், அதைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது. பழைய வேட்டியை அகலமா மடிச்சு அவங்க இடுப்புல கட்டி, அதைப் பிடிச்சுக்கணும். என் முட்டியை அவங்க இடது முட்டிக்கு முட்டுக் கொடுத்து, நானும் காலை மடக்கி இறங்கி, "முன்னாடி சாய்ங்க அத்தை"ம்பேன். அவங்க மூக்கு கால்விரலுக்கு நேரா வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து எழுந்துக்கணும். திரும்பும்போது இடுப்பை முறுக்காம பாதத்தை எடுத்து வெச்சுத் திரும்பணும். உங்களுக்கும் யாராவது ஒருதடவை நேர்ல காட்டணும், படிச்சு மட்டும் வராது.

யார் காட்டுவாங்க? மக்களைத் தேடி மருத்துவம், தமிழ்நாடு அரசோட திட்டம். 2021 ஆகஸ்ட் 5-ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியிலதான் இதைத் தொடங்கினாங்க. படுக்கையில இருக்கறவங்க பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லி வெச்சா, பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோ பண்றவங்களும் வருவாங்க. அத்தைக்கு பிரஷர் பாத்து முடிச்சதும் நான் என் கையை நீட்டிடுவேன். "எனக்கும் பாத்துடுங்க அக்கா." நாப்பத்தஞ்சு தாண்டின எல்லாரும் வெக்கப்படாம நீட்டுங்க. எனக்கும் மாத்திரை உண்டு. அத்தை டப்பாவுக்குள்ளயே என்னதும் இருக்கு, மறக்கறதே இல்லை.

சாப்பாடு: அவங்களுக்கு ஊட்டறதுக்கு முன்னாடி நீங்க சாப்பிட்டுடுங்க. மாமியாருக்கு முன்னாடியான்னு எங்க அம்மாவே கேட்டாங்க. ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகுது, அதுக்குள்ள களி ஆறிக் கல்லாயிடுது. அப்புறம் அதை யார் முழுங்கறது?

தூக்கத்துக்குப் பங்கு பிரிக்கணும். படுக்கைப் புண் வராம இருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை புரட்டணும்பாங்க. காத்து மெத்தை போட்டா ராத்திரியில எவ்வளவு இடைவெளி விடலாம்னு நர்ஸைக் கேட்டு வெச்சுக்குங்க. ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சு வர்ற என் வீட்டுக்காரர் புரட்டிட்டுத்தான் படுப்பார். அந்த நேரம் நான் எழுந்துக்க மாட்டேன், சத்தம் கேட்டாலும்.

இனி உதவி. "யாராவது கொஞ்சம் உதவி பண்ணக்கூடாதா"ன்னு புலம்பினா ஒருத்தரும் வர மாட்டாங்க. வேலையையும் நேரத்தையும் சொல்லிக் கேக்கணும். பெங்களூர்ல இருக்கற கொழுந்தனார் தினமும் போன்ல "அம்மா எப்படி இருக்காங்க அண்ணி"ம்பார். "ரெண்டாவது சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் இருங்க, டயபர் செலவு உங்களோடது"ன்னு சொன்னேன். வர்றார். பர்கூர் நாத்தனாருக்கு நாலாவது சனி. மாங்கா சீசன்ல தோப்பு வேலைன்னு இழுப்பாங்க, அதுக்கு மாத்து நாள் முன்கூட்டியே பேசிடுவேன். ஹார்லிக்ஸ் பாட்டிலோட வந்து, யாரோ ஒருத்தருக்கு எண்ணெய் தேய்ச்சே சரியான கதையைச் சொல்றவங்க கிட்டயும் "அரை மணி நேரம் உக்காருங்க, குளிச்சிட்டு வந்துடறேன்"னு சொல்லிடுங்க. கதையும் அளவோட முடியும்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுலயே நின்னு, "துணியை அப்படி மடிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு இருந்தா அது லீவு இல்லை. வெளிய கிளம்புங்க. நான் ஒருதடவை கே.ஆர்.பி. டேமுக்குப் போய்ப் பொரிச்ச மீன் சாப்பிட்டு வந்தேன். மாமியார் படுத்திருக்கறப்போ இவளுக்கு மீன் கேக்குதான்னு தெருவுல பேச்சு. பேசட்டும், மீன் நல்லா இருந்தது.

கோபம் வரும், எல்லாருக்கும் வரும். மூணாவது தடவை ஈரத்துணி மாத்தும்போது பல்லைக் கடிச்சேன்னா, அத்தையைப் பத்திரமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிட்டு வாசலுக்குப் போயிடுவேன். கை ஓங்கற அளவுக்கு வந்தாலோ, செத்துப்போலாம்னு தோணினாலோ, வாரக்கணக்குல தூக்கமே இல்லைன்னாலோ 14416-க்குப் போன் பண்ணுங்க. டெலி மானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம்.

மாத்து ஆளுக்கு ஒரு தாள் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன். எந்த மாத்திரை எப்போ, தண்ணியா எதுவும் கொடுக்கக்கூடாது கெட்டியாத்தான், நிமிர்த்தி உக்கார வெச்சுத்தான் ஊட்டணும், ஊட்டின உடனே படுக்க வைக்கக்கூடாது, இடது கையைத் தலையணை மேல வைக்கணும். அடியில பெரிசா: புரை ஏறினா, மூச்சு வாங்கினா 108. அப்புறம் எனக்கு. துணி எங்க இருக்குன்னு கேக்கப் போன் பண்ண வேண்டாம், பீரோவுல ரெண்டாவது தட்டு.