உங்கள் ஊர்த் தண்ணீரை மாணவர்களே ஆராயலாம்: தொடங்குபவர்களுக்கான செய்முறை

கிராமத்துக் குடிநீரை அரசுத் தரப்பில் எத்தனை முறை சோதிப்பார்கள்? கிராம வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தின் வழிகாட்டுதல்படி, ஒரு நீராதாரத்துக்கு ரசாயனச் சோதனை ஆண்டுக்கு ஒரு முறை, கிருமிச் சோதனை இரண்டு முறை. மற்ற நாட்களில் அந்தத் தண்ணீர் எப்படி மாறுகிறது என்பதை அதைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருப்பவர்கள்தான் கவனிக்க முடியும். பள்ளி மாணவர்களிடம் விலை உயர்ந்த கருவி இருக்காது. ஆனால் ஒரே கிணற்றுக்கு, ஒரே நேரத்தில், வாரா வாரம் போய்வர அவர்களால் முடியும். எந்த ஆய்வகத்துக்கும் இல்லாத பலம் அது. கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த பலத்தை வைத்துத்தான்.

தமிழ்நாட்டு ஊராட்சி ஒன்றை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். நகரத்துப் பிள்ளைகள் கிணற்றுக்குப் பதில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், அடுக்குமாடித் தொட்டி என்று மாற்றிக்கொள்ளலாம்.

1. கேள்வியைச் சின்னதாக்குங்கள்

“எங்கள் ஊரில் தண்ணீர்ப் பிரச்சினை” என்று தொடங்கினால் இரண்டு வாரத்தில் எல்லாரும் களைத்துவிடுவார்கள். “பள்ளிக்குப் பக்கத்துக் கிணற்றில் சித்திரை, வைகாசியில் உப்பு கூடுகிறதா?”, “தொட்டியில் போடும் குளோரின் கடைசித் தெருக் குழாய்வரை வந்து சேர்கிறதா?” இப்படி ஒன்றே ஒன்று போதும். பதிலை அளந்து சொல்ல முடிகிற கேள்வியாக இருக்க வேண்டும்.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது? தண்ணீர் தூக்குகிறவர்களிடமிருந்து. குழாயடியில் நிற்கும் பெண்களிடம் போய் “உங்களுக்கு என்ன தரக்குறைபாடு?” என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். “அத்தை, இந்தத் தண்ணியில பருப்பு வேகுதா? சோப்பு நுரைக்குதா? எந்தக் கிணத்துத் தண்ணிய குடிக்க எடுப்பீங்க, எத பாத்திரம் கழுவ?” என்று கேளுங்கள். ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று ஊரே ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும். அந்தப் பிரிவினையில் பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது. வயதானவர்களிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இந்தக் கிணறு முன்பு எப்போதாவது வற்றியதுண்டா, பக்கத்தில் போர் போட்டது எந்த வருஷம்?

2. கையால் ஒரு வரைபடம்

ஒரு பெரிய தாளில் தெருக்களை வரையுங்கள். கிணறு, அடிபம்பு, போர், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய், ஏரி, வாய்க்கால் எல்லாம் நீல நிறத்தில். செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், குப்பை மேடு, சாக்கடை சிவப்பில். நீலமும் சிவப்பும் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கிருந்து உங்கள் மாதிரிகளைத் தொடங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, சிவப்பே பக்கத்தில் இல்லாத ஓர் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். வீட்டுக்காரர் பெயரை வரைபடத்தில் எழுதாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

3. நீர்மட்டம்

நீளமான கயிறு, நுனியில் கட்ட ஒரு கனமான நட்டு, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. நட்டு தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் கயிற்றைப் பிடித்து அளக்கலாம். கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்தால் தரையிலிருந்து ஆழம் கிடைக்கும். காலையில், மோட்டார் ஓடுவதற்கு முன் அளக்க வேண்டும். ஓடிய பிறகு அளந்தால் இறைத்ததால் ஏற்பட்ட பள்ளத்தைத்தான் அளப்பீர்கள்.

மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு நான்கு முறை அளக்கிறது. நீங்கள் வாரம் ஒரு முறை அளந்தால், வடகிழக்குப் பருவமழையின் ஒவ்வொரு நல்ல மழைக்கும் உங்கள் கிணறு எத்தனை நாளில் பதில் சொல்கிறது என்பதே தெரிந்துவிடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, இடிந்த கிணறு, கல்குவாரி பக்கம் போகவே கூடாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் எந்தக் கிணற்றிலும் எட்டிப் பார்க்கவும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

4. மாதிரி எடுப்பது

பெரும்பாலான பள்ளி ஆய்வுகள் வீணாவது இங்கேதான். பழைய குளிர்பான பாட்டிலில் பிடித்த தண்ணீர் குளிர்பானத்தைப் பற்றித்தான் பேசும். சுத்தமான பாட்டிலை எடுத்து, சோதிக்கப்போகும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்புங்கள். குழாயை இரண்டு மூன்று நிமிடம் திறந்துவிட்டு அப்புறம் பிடியுங்கள். வீணாக ஓடவிட வேண்டாம், வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றலாம். பாட்டில்மேல் இட எண், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் உடனே எழுதப்பட வேண்டும். “வகுப்புக்குப் போய் எழுதிக்கலாம்” என்பது நடக்காத காரியம்.

கிருமிச் சோதனைக்கான பாட்டில் மட்டும் விதிவிலக்கு. அது நுண்ணுயிர் நீக்கியே வரும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்பக்கத்தைத் தொடக் கூடாது.

5. சோதனைகள்

முதலில் டிடிஎஸ் மீட்டர். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருளின் மொத்த அளவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, எல்லாரும் வாங்குவது இதைத்தான். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரமே இல்லாவிட்டால் 2,000வரை. மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் திறனை அளந்து, அதிலிருந்து உப்பின் அளவைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. அவ்வளவுதான். கிருமி இருக்கிறதா, கூடினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. டிடிஎஸ் 150 காட்டும் குளத்துத் தண்ணீர் வயிற்றுப்போக்கைக் கொடுக்கலாம். 900 காட்டும் கிணற்றுத் தண்ணீரை ஊர் பல வருடமாகச் சுகமாகக் குடித்துக்கொண்டும் இருக்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து சுத்திகரிப்பு இயந்திரம் விற்கும் சிலர், இரண்டு டம்ளரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்புச் சேறாகும், அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அந்தச் சேறு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு உள்ள தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் கம்பி கரையும். உப்பு நீக்கிய தண்ணீர் சரியாகக் கடத்தாது. அந்தத் தெளிவான டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டாலும் அதுவும் பழுப்பாகும். இந்தக் கருவியை மாணவர்கள் தொடக் கூடாது, வீட்டு மின்சாரத்தில் ஓடுவது அது. ஆனால் இந்த விளக்கத்தை அம்மாவிடம் சொல்லக் கற்றுக்கொண்டாலே பல வீடுகளில் பயமும் பணமும் மிச்சமாகும்.

அடுத்து, தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள்: 6.5 முதல் 8.5வரை இருக்க வேண்டும். நைட்ரேட் பட்டை: எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். மாட்டுத்தொழுவம், செப்டிக் டேங்க், யூரியா அதிகம் போடும் வயல் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இது கூடும். எல்லை தாண்டிய தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கக் கூடாது என்பதை மட்டும் உடனே அந்த வீட்டில் சொல்லிவிடுங்கள். காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது.

குளோரின் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மாத்திரையோ பொடியோ கலந்ததும் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில், நடுத்தெருவில், கடைசி வீட்டில் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் எந்த இடத்தில் நிறம் மறைகிறது என்று கண்ணுக்கே தெரியும். நடுவில் சட்டென்று மறைந்தால் அந்த இடத்துக் குழாயில் கசிவு இருக்கலாம். சாக்கடை ஓரமாகப் போகும் குழாயா என்று வரைபடத்தைப் பாருங்கள்.

கிருமிக்கு ஹைட்ரஜன் சல்பைடு பாட்டில். கோடுவரை நீர் ஊற்றி மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கலப்பு இருந்தால் அந்தக் கிருமிகள் உண்டாக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவால் கருப்பாகும். கருத்த பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஆசிரியர் கையுறையோடு பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து அப்புறப்படுத்த வேண்டும். சில ஆழ்துளைக் கிணறுகளில் இயற்கையாகவே கந்தக வாடை இருக்கும், அங்கே இது தவறான பதில் தரலாம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்தால் ஃபுளோரைடை விட்டுவிடாதீர்கள். லிட்டருக்கு 1.0 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, 1.5 உச்ச எல்லை. அங்குள்ள பாறையிலிருந்தே ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்துவிடுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அங்கே வந்ததற்குக் காரணமே இதுதான். காய்ச்சினால் நீர் குறைந்து இதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை வகுப்பறையில் முடிவு செய்ய வேண்டாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரியைக் கொண்டுபோங்கள். எந்தச் சோதனையிலும் எல்லை தாண்டிய மாதிரியை இப்படி ஒருமுறை ஆய்வகத்தில் உறுதி செய்துகொள்வது நல்லது.

6. நோட்டு

ஒரே நோட்டு, பேனாவால். தேதி, நேரம், இட எண், முந்தின நாள் மழை, அளவு, அளந்தவர். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்து நடு எண்ணை எழுதுங்கள். தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம், அழிக்கக் கூடாது. விசித்திரமான எண் வந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். ஒரு நாள் எண்ணை வைத்து யாரிடமும் எதுவும் சொல்லாதீர்கள். குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்த்த நோட்டுக்குத்தான் வாய் திறக்கும் உரிமை உண்டு. கருத்த பாட்டில், கூடிய நைட்ரேட் போன்ற உடல்நல ஆபத்துகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைக் குடிக்கிறவர்களிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

7. ஊருக்குச் சொல்வது

முதலில் கிணற்றுக்காரரிடம் தனியாக. வரைபடத்தில் பெயர் வேண்டாம் என்றது இதற்காகத்தான். ஊர்நடுவில் ஒருவர் வீட்டுக் கிணறு ‘கெட்ட கிணறு’ ஆகிவிட்டால், அடுத்த வாரம் யாரும் உங்களைத் தம் கிணற்றருகே விட மாட்டார்கள். எண்ணைச் சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: காய்ச்சிக் குடிப்பதா, குளோரின் போடுவதா, அந்தத் தண்ணீரைக் கழுவ மட்டும் வைத்துக்கொள்வதா.

பேரணியும் பதாகையும் ஒரு நாளோடு போய்விடும். அதைவிட, குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை வைத்து வாராவாரம் அன்றைய குளோரின் அளவை எழுதிவையுங்கள். கசியும் குழாயைக் கண்டால், ஒரு லிட்டர் பாட்டில் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு 720 லிட்டர். ஜல் ஜீவன் கணக்கில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். அதாவது 13 பேருக்கான தண்ணீர் அந்த ஓட்டையில் போகிறது. இதைப் பலகையில் எழுதினால் ஊர் நின்று படிக்கும்.

8. மனு

தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் உங்கள் அட்டவணைக்கு அதைவிடப் பொருத்தமான கூட்டம் இல்லை. கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான். ஆகவே பெற்றோர் கையெழுத்தோடு மனு கொடுங்கள். ஒரு பக்கம் போதும்: எந்த இடம், எத்தனை வாரம் அளந்தோம், என்ன கண்டோம், என்ன கேட்கிறோம். “நல்ல குடிநீர் வேண்டும்” என்பதைவிட “7ஆம் எண் இடத்தில் சாக்கடையைக் கடக்கும் குழாயை மாற்ற வேண்டும்” என்ற வரிக்கு வேலை நடக்கும். அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் கேட்டு வாங்குங்கள்.

சில மாதம் ஆகியும் அசைவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு பெரியவர் ஒருவர் எழுதிக் கேட்கலாம்: அந்தத் தீர்மானத்தின்மேல் என்ன நடவடிக்கை, கடைசியாக நீரைச் சோதித்த அறிக்கையின் நகல் எங்கே? 30 நாளில் பதில் வர வேண்டும். வந்த அறிக்கையை உங்கள் நோட்டோடு வைத்துத் தேதிவாரியாக ஒப்பிடுங்கள்.

குழாயை மாற்றிவிட்டார்கள் என்றால், அடுத்த வாரமும் அதே இடத்துக்கு அதே நேரத்தில் போய் அளந்து எழுதுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பள்ளி முடித்துப் போவதற்கு முன், கயிற்றையும் நோட்டையும் அடுத்த வகுப்பில் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்துவிடுங்கள். இரண்டு பேராவது அவர்களோடு சில வாரம் கூடவே போய்ப் பழகட்டும்.