தண்ணீர்த் தொட்டியின் மூடியில் அல்ட்ராசோனிக் சென்சாரைப் பொருத்தும் முறை

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தொங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்து, ஊரே பல மாதங்கள் குழாய்த் தண்ணீரின்றித் தவித்த பிறகு, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே தொங்காட்டிலும் வெருலத்திலும் வீட்டுக்குப் பின்னால் ஒரு பச்சைத் தொட்டி நிற்பது பழகிய காட்சியாகிவிட்டது. எந்த நிறுவனத்தின் தொட்டியானாலும், பேச்சில் ஒரு நிறுவனத்தின் பெயரால் அது ஜோஜோதான். அதில் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்று பார்க்க என் அம்மா விரல் முட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவார். ‘டொம்’ என்று கேட்ட ஒலி ‘டக்’ என்று மாறும் இடமே நீர்மட்டம். சென்சாரும் ஒலியைக் கொண்டே அளக்கிறது. மூடியிலிருந்து, காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலித்துடிப்பைக் கீழே அனுப்பி, அது நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கணக்கிடுகிறது. அந்த நேரத்தை மைக்ரோவினாடியில் எடுத்து 58ஆல் வகுத்தால் தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும்.

முதலில் சென்சாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இரண்டு கண்கள் போன்ற எச்.சி-எஸ்ஆர்04 மேசைமேல் வைத்துப் பழகுவதற்கு நல்லது. தொட்டிக்குள் எந்நேரமும் நிற்கும் ஈரத்தை அது தாங்காது. ஒற்றைக் கண்ணும் நீண்ட கம்பியும் உள்ள, நீர்புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வகையை வாங்குவதே சரி. ஆனால் அதில் ஒரு குறை உண்டு. முகப்பிலிருந்து ஏறத்தாழ 20–25 செ.மீ.க்குள் இருக்கும் எதையும் அதனால் அளக்க முடியாது. ஒலியை அனுப்பிய தகடு அதிர்ந்து அடங்குவதற்குள் எதிரொலி திரும்பிவிடுவதே காரணம். இந்தக் குருட்டு இடைவெளியைக் கணக்கில் கொள்ளாமல்தான் நான் முதன்முறை சென்சாரை மூடியிலேயே நேராகப் பொருத்தினேன். தொட்டி பாதியாக இருந்தவரை அளவு ஒழுங்காக வந்தது. நிரம்பியதும் எண்கள் தாறுமாறாகத் தாவின. அவற்றை நம்பி ஓடிக்கொண்டிருந்த மோட்டார், விடியும்வரை வழிகால் குழாய் வழியே தண்ணீரைத் தோட்டத்துக்குக் கொட்டியது.

ஆகவே துளையிடுவதற்கு முன் மூடியின் அடிப்பரப்பிலிருந்து வழிகால் குழாயின் கீழ்விளிம்பு வரை டேப்பால் அளந்து பாருங்கள். என் தொட்டியில் அது 14 செ.மீ. மட்டுமே. சென்சாரை உயர்த்தியாக வேண்டும் என்பதால் 110 மி.மீ. பிவிசி குழாயில் 20 செ.மீ. துண்டு ஒன்றை வெட்டி, மூடியின்மேல் கழுத்துப் பட்டைபோல நிறுத்தி, அதன் தலையிலுள்ள பிவிசி மூடியில் சென்சாரைப் பொருத்தினேன். இப்போது நிரம்பிய தொட்டியிலும் 34 செ.மீ. இடைவெளி இருக்கிறது. குழாயின் வெட்டுவிளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, தொட்டி மூடியில் இடும் துளையையும் குழாயின் உள்விட்டத்துக்குக் குறையாமல் அகலமாக இடவேண்டும். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் எந்த விளிம்பும் பொய் எதிரொலி தரும். துளை எதுவானாலும் மூடியில்தான், தொட்டியின் உடலில் கூடாது. பிழை நேர்ந்தால் மூடியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

இந்தத் தொட்டிகள் பாலித்தீனால் ஆனவை. அதில் சிலிகானும் சரி, சாதாரணப் பசையும் சரி, நின்று பிடிக்காது. ஒட்டியதுபோல் தோன்றும், வெயில் ஏறியதும் தோல் உரிவதுபோல் கழன்றுவரும். குழாய்த் துண்டைத் துருப்பிடிக்காத எஃகு கோணப்பட்டைகளாலும் போல்ட்டுகளாலும் இறுக்கி, இடையில் ரப்பர் வளையம் வைப்பதே நிலைக்கும். சென்சாரைச் சுற்றியும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கட்டும். பிளாஸ்டிக்கோடு நேரடியாக இறுக்கினால் அதிர்வு பிவிசி மூடிக்குத் தாவி, குருட்டு இடைவெளி இன்னும் நீளும். முகப்பு நீர்ப்பரப்பை நேர் செங்குத்தாக நோக்குகிறதா என்பதைச் சிறிய ரசமட்டத்தால் சரிபார்க்க வேண்டும். தண்ணீர் விழும் குழாய்க்கும் மிதவைப் பந்துக்கும் நேர்மேலே வைக்கக்கூடாது. இதன் ஒலிக்கற்றை அகலமானது என்பதால் தொட்டிச்சுவரின் வரிகளிலும் பட்டுத் திரும்பக்கூடும். தண்ணீர் குறைந்தாலும் எண் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், நீங்கள் அளந்துகொண்டிருப்பது சுவரைத்தான் என்று கொள்ளலாம். அப்போது சென்சாரைச் சுவரிலிருந்து தள்ளி மாற்றுங்கள்.

மின் இணைப்பில் நெடுநேரம் செலவிடத் தேவையில்லை. சென்சார் 5 வோல்ட்டில் இயங்கினால் எதிரொலி நேரத்தைத் தெரிவிக்கும் அதன் எக்கோ முனையும் 5 வோல்ட் தரும்; அதைப் படித்துக் கணக்கிடும் சிறு கணினியான ஈஎஸ்பி32 பலகையின் முனைகளோ 3.3 வோல்ட்டுக்கானவை. 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டால் மின்னழுத்தத்தைப் பகிர்ந்து குறைத்த பிறகே இணைக்கவேண்டும். பலகை இருக்கும் பெட்டியை அடைக்கும்போது வினிகர் வாடை வீசும் சிலிகானைத் தவிருங்கள். அதிலிருந்து வெளிவரும் அமிலம் செம்பை அரிக்கும். பெட்டிக்குள் நுழையும் கம்பியைக் கீழ்நோக்கி ஒருமுறை வளைத்து மேலேற்றினால், கோடை மழையில் வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். மின்வெட்டு நேரத்துக்காகப் பவர் பேங்க் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

நிரலில் ஒரே அளவை நம்பாமல், 60 மில்லிவினாடி இடைவெளியில் ஏழு அளவுகள் எடுத்து, அவற்றை வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதைக் கொள்ளுங்கள். சராசரி எடுத்தால் ஒரேயொரு பொய் எதிரொலி முழுக் கணக்கையும் இழுத்துவிடும். வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர், 40 டிகிரியில் சுமார் 355 மீட்டர். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இது 5 செ.மீ. வரை வித்தியாசம் தரும். அதுவும் பகல் சூட்டில் எதிரொலி விரைந்து திரும்புவதால், இருப்பதைவிட அதிகத் தண்ணீர் இருப்பதாகக் காட்டும். தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள நாளில் இது பொல்லாத பிழை. ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானியைக் குழாய்த் துண்டுக்குள்ளேயே தொங்கவிட்டால் போதும்.

உயரத்தை லிட்டராக மாற்றத் தொட்டியின் சுற்றளவை அளந்தால் போதும். சுற்றளவு 440 செ.மீ. என்றால் விட்டம் 140 செ.மீ.; ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 15.4 லிட்டர். கணக்கைச் சோதிக்க, 20 லிட்டர் வாளியால் பத்து வாளி தண்ணீரைப் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுத் திரையைப் பாருங்கள். மட்டம் 13 செ.மீ. இறங்கியிருக்கவேண்டும். அதிகாலையில் மட்டும் எண் பிசகினால், மூடியைத் திறந்து சென்சாரின் முகப்பை அண்ணாந்து பாருங்கள்: இரவின் ஈரம் முத்துமுத்தாகத் திரண்டு அதில் தொங்கிக்கொண்டிருக்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம்.